உடையும் முன்னே பேசும் பாறை

மண்பானை வாங்கப் போகும் நம் பாட்டிமார், பானையின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கண்டு மயங்கிவிடுவதில்லை. இடக்கையில் பானையைத் தூக்கிப் பிடித்து, வலக்கை விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவர். 'கணீர்' என்று ஒலித்தால் நல்ல பானை. 'பொத்'தென்று ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது. சிற்பிகளும் கல்லைத் தட்டி, அதில் எழும் ஓசையைக் கொண்டே இது ஆண் கல், இது பெண் கல் என்று வகை பிரித்துச் சிலைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பர்.

இவையெல்லாம் நாம் தட்டியதால் பிறக்கும் ஓசைகள். எவரும் தட்டாமலே, தன்னுள் ஒரு விரிசல் பிறக்கும் அந்த நொடியில், பொருள் தானாகவே எழுப்பும் ஓசை ஒன்றும் உண்டு. அறிஞர்கள் இதனை 'ஒலி உமிழ்வு' என்று அழைக்கின்றனர். பெரும்பாலும் நம் செவிக்கு எட்டாத மெல்லிய ஓசை இது. ஆயினும், தமிழ் மக்கள் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், இந்த ஓசை மனித உயிரோடு தொடர்புடையதாக இருந்தது. விரிசல் ஏன் ஒலிக்கிறது, அதை எவ்வாறு கேட்கிறார்கள், கேட்டதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சாக்குக்கட்டி ஏன் ஒலிக்கிறது?

வகுப்பறையில் நாள்தோறும் கேட்கும் ஓசையிலிருந்தே தொடங்குவோம். புதிய சாக்குக்கட்டி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து மெல்ல வளைத்தால், அது வளைவதுபோலவே தோன்றாது. திடீரென்று 'டக்'கென்ற ஒலியுடன் இரண்டாகும். ஒரு செப்புக் கம்பியை அவ்வாறே வளைத்துப் பாருங்கள், ஓசையின்றி வளைந்துகொடுக்கும். செம்பு போன்றவை வளைந்து, நீண்டு, தம்மேல் வரும் விசையைத் தாங்கிக்கொள்கின்றன. சாக்குக்கட்டி, கண்ணாடி, ஓடு, கருங்கல் போன்றவற்றுக்கு அந்தக் குணம் இல்லை. இவற்றை நொறுங்கும் தன்மையுள்ள பொருள்கள் என்கிறோம்.

நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சாக்குக்கட்டி சிறிதளவு வளையவே செய்கிறது. இழுத்துப் பிடித்த வில்லில் ஆற்றல் சேர்ந்திருப்பதுபோல் அதனுள்ளும் ஆற்றல் சேர்கிறது. ஓரிடத்தில் பிணைப்பு அறுந்ததும் அந்த ஆற்றல் விடுபடுகிறது. ஒரு பங்கு புதிய உடைந்த பரப்புகளை உண்டாக்கச் செலவாகிறது. ஒரு பங்கு வெப்பமாகிறது. மிகச் சிறிய பங்கு ஒன்று அதிர்வலையாக எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அந்த அலையே நாம் கூறும் ஒலி உமிழ்வு.

விளையாட்டு விழாவில் நடைபெறும் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு அணியினரும் முழுவலிமையோடு இழுக்கும்போது கயிறு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? முதலில் நிற்பவள் பின்னால் நிற்பவள்மேல் சாய்வாள். அவள் அடுத்தவள்மேல் சாய்வாள். ஒரு நொடிக்குள் அந்த அதிர்ச்சி வரிசையின் கடைசிவரை போய்ச் சேரும். எவரும் அதிக தூரம் நகரவில்லை. அதிர்ச்சி மட்டும் நகர்ந்தது. திடப்பொருளுக்குள் அலை செல்வதும் ஏறத்தாழ இவ்வாறே.

விரிசல் ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்குகிறது என்ற ஐயம் எழலாம். துணிக்கடையில் துணியைக் கிழிப்பதைப் பார்த்திருப்போம். முதலில் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டுப் போடுகிறார்கள்; பிறகு இரு கையாலும் இழுத்ததும் 'சர்'ரென்று நேராகக் கிழிகிறது. வெட்டு இல்லாத துணியைக் கிழிப்பது எளிதன்று. இழுக்கும் விசை முழுவதும் அந்தச் சிறு வெட்டின் முனையில் வந்து குவிவதே காரணம். கண்ணாடியிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அவற்றின் முனையிலிருந்தே முறிவு தொடங்குகிறது என்பதை இங்கிலாந்து நாட்டுப் பொறியியல் அறிஞர் கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார்.

தொடங்கிய விரிசலின் வேகம் வியப்பூட்டுவது. கண்ணாடியில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தை எட்டக்கூடும். காற்றில் ஒலியின் வேகமோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். ஆயினும் கண்ணாடிக்குள் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிறது. ஆகவே விரிசல் எவ்வளவு விரைந்து ஓடினாலும், விரிசல் வருகிறது என்ற செய்தி அதற்கு முன்னதாகவே ஓடிவிடுகிறது. அச்செய்தியைக் கேட்கச் செவி வேண்டும், அவ்வளவே.

செவிக்கு எட்டாத ஓசையைக் கேட்பது எவ்வாறு?

மனிதச் செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே ஓசையாக உணரும். மயிரிழையினும் மெல்லிய ஒரு விரிசல் சிறிது நீளும்போது எழும் அதிர்வு இதனினும் மிக விரைவானது. பொறியாளர்களின் கருவிகள் பெரும்பாலும் நொடிக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் வரையிலான அதிர்வுகளைக் கவனிக்கின்றன. இத்தகைய கருவிக்கு ஆதாரமான தத்துவம் நம் சமையலறையிலேயே இருக்கிறது.

தீக்குச்சியின்றி எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் 'டக்'கென்ற ஒலியுடன் நுனியில் தீப்பொறி தோன்றுகிறதன்றோ? அதில் பாட்டரி இல்லை. உள்ளே இருக்கும் ஒருவகைப் படிகப் பொருளின்மேல் சிறு சுத்தி மோதுகிறது. அந்த அழுத்தமே மின்சாரமாக மாறுகிறது. அழுத்தினால் மின்னூட்டம் தரும் இப்பண்பைக் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் 1880-இல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள். பின்னாளில் மேரி கியூரி அம்மையார், கதிரியக்கத்தை அளந்தறியத் தம் கணவரும் மைத்துனரும் உருவாக்கிய அதே குவார்ட்ஸ் கருவியைப் பயன்படுத்தினார் என்பது நாம் பெருமையோடு நினைவில் கொள்ளத் தக்கது. இத்தகைய படிகத் துண்டு ஒன்றைச் சுவரிலோ உலோகக் கலத்திலோ ஒட்டிவைத்தால், உள்ளே பிறக்கும் மிக நுண்ணிய அதிர்வும் அப்படிகத்தை அழுத்தும்; உடனே மின்குறிப்பு எழும். அதனைப் பல மடங்கு பெருக்கிப் பதிவு செய்கின்றனர்.

இம்முயற்சியின் தொடக்கம் மிக எளிமையானது. 1930-களில் ஜப்பானிய அறிஞர் கிஷினோயே, ஒரு மரப் பலகையை வளைத்து, அதில் கிராமபோன் ஊசியைப் பொருத்தி, மரம் முறிவதற்கு முன் எழும் அதிர்வுகளைப் பதிவு செய்தார். பாட்டுக் கேட்கும் ஊசியைக் கொண்டு பலகை முறியும் ஓசையைக் கேட்டார்!

தோழியரே, கருவி ஏதுமின்றி இதனை நாமும் ஓரளவு செய்து பார்க்கலாம். நன்கு காய்ந்த மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றின் ஒரு முனையை மரப் பெஞ்சின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தோழி ஒருத்தி பெஞ்சின் மறுமுனையில் காதை வைத்துக் கொள்ளட்டும். குச்சியை மெல்ல மெல்ல வளையுங்கள். முறிவதற்கு முன்னரே 'நொறுக் நொறுக்' என்ற சிறு ஒலிகள் மரத்தின் வழியே கேட்கும். காற்றில் கேட்காத ஓசையும் மரத்தின் வழியே கேட்பதைக் கவனியுங்கள். இதையே சாக்குக்கட்டியில் செய்தால் முன்னறிவிப்பு ஏதும் காதுக்கு எட்டாது. முறியும் ஓசை ஒன்றே கேட்கும். மூங்கிலில் நார்கள் ஒவ்வொன்றாக அறுகின்றன. சாக்குக்கட்டியிலோ முதல் விரிசலே முடிவான விரிசலாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னர் பயன்படும்.

1950-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆராய்ச்சி செய்த யோசப் கைசர் என்பவர் மற்றோர் உண்மையைக் கண்டார். ஒரு பொருளின்மேல் சுமையை ஏற்றும்போது அது ஒலிகளை எழுப்புகிறது. சுமையை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றினால், முன்பு தாங்கிய அளவு வரை அது ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் மீண்டும் ஒலிக்கத் தொடங்கும். அதாவது, தான் இதுவரை தாங்கிய பெருஞ்சுமை எவ்வளவு என்பதைப் பொருள் நினைவில் வைத்திருக்கிறது! எல்லாப் பொருள்களிலும் இது ஒரே அளவில் காணப்படுவதில்லை எனினும், பழைய கலம் ஒன்று புதிதாகச் சேதமடைகிறதா என்று சோதிப்பவர்க்கு இது பேருதவியாகும். ஏற்கெனவே தாங்கிய அழுத்தத்திலேயே ஒரு கலம் ஒலியெழுப்பினால், அதன் உடல்நிலை சரியில்லை என்று பொருள்.

தங்கவயலின் ஆழத்தில்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலில் ஜோலார்பேட்டையைக் கடந்து சென்றால் பங்காரப்பேட்டை நிலையம் வரும். அங்கிருந்து பிரியும் கிளைப் பாதை கோலார் தங்கவயலுக்குச் செல்கிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பல அங்குக் குடியேறின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரை, 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்களின் தாலியிலும் வளையலிலும் அந்தத் தங்கம் கலந்திருக்கக்கூடும்.

அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அது ஒன்றாகத் திகழ்ந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசுக்கும் அதிகம். மேலுள்ள பாறையின் எடையோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 850 கிலோவுக்கும் கூடுதல். நம் கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின்மேல் ஒரு சிறிய மோட்டார் கார் நிற்பதாக எண்ணிப் பாருங்கள்!

தோண்டாத வரையில் அப்பாறை எல்லாப் பக்கமும் நெருக்குண்டு அசையாமல் இருக்கிறது. தங்கத்தாது உள்ள பகுதியை வெட்டியெடுத்ததும் அங்கே வெற்றிடம் உண்டாகிறது. அதுவரை அவ்விடம் தாங்கிய சுமை இப்போது பக்கத்துப் பாறையின்மேல் போய்ச் சேர்கிறது. துணியில் இட்ட சிறு வெட்டைப் போலவே வெற்றிடத்தின் ஓரத்தில் விசை குவிகிறது. பாறை கடினமானது, ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியாதது. நாளடைவில் தாங்கமாட்டாத நிலை வந்ததும், பீரங்கி முழக்கம்போன்ற ஓசையோடு வெடித்துச் சிதறுகிறது. இதுவே 'பாறை வெடிப்பு'. சுரங்கப் பாதைகள் நொடியில் மூடிக்கொள்ளும். உள்ளே நிற்பவர்க்கு ஓட நேரம் இராது. தங்கவயலில் பல தொழிலாளர்கள் இவ்வாறு உயிரிழந்தனர். பெரிய வெடிப்புகளின்போது மேலே ஊரிலுள்ள கட்டடங்களும் குலுங்கி விரிசல் கண்டன.

தொடக்க காலத்தில் இதன் காரணம் தெளிவாகத் தெரியாமையால், இதனைக் 'காற்று வெடிப்பு' என்றே அழைத்தனர். மைசூர் அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் என்பவர் 1904-இலேயே தங்கவயலின் இந்த வெடிப்புகளையும் நடுக்கங்களையும் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். வெற்றிடங்களைக் கருங்கல் சுவர்களாலும் பின்னர்க் கான்கிரீட்டாலும் நிரப்பிப் பாறைக்கு முட்டுக் கொடுத்தனர். வெடிப்புகள் குறைந்தன, ஆனால் ஒழியவில்லை.

பாறையின் ஓசை

ஆழ்சுரங்கங்களில் வேலை செய்யும் அனுபவசாலிகள், பாறையில் 'படபட'வென்ற ஓசை கேட்டால் அவ்விடத்தை விட்டு விலகிவிடுவர். அவர்களுடைய செவியே அவர்களுக்குக் காவல். செவிக்கு எட்டாத சிறு ஓசைகளையும் கருவியால் கேட்க முடியும் என்பதை அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த ஓபர்ட் என்பவர் 1930-களின் இறுதியில் கண்டார். ஒரு சுரங்கத் தூணின் வழியே ஒலியலை செல்லும் வேகத்தை அளக்கவே அவர் கருவி வைத்தார். ஆனால் அவர் ஏதும் செய்யாதபோதும் கருவியில் குறிப்புகள் தோன்றிக்கொண்டே இருந்தன. ஆராய்ந்தபோது, சுமை தாங்கி நின்ற அந்தப் பாறைத் தூணே அவ்வோசைகளை எழுப்பியது தெரியவந்தது.

தங்கவயலிலும் 1970-களில், பாபா அணு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் துணையோடு, தரையின் மேலும் சுரங்கத்தின் உள்ளும் பல இடங்களில் அதிர்வுணர் கருவிகள் பொருத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் கௌரிபிதனூரில் அந்நிலையம் நடத்திவந்த நிலநடுக்க ஆய்வுக்கூடத்திலும் தங்கவயலின் பெரிய வெடிப்புகள் பதிவாயின. 1988-இல் தங்கவயலில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர் இவ்வாராய்ச்சி மேலும் வளர்ந்தது.

ஓசை எங்கிருந்து வந்தது என்பதை எவ்வாறு அறிவர்? மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை எண்ணி, இடி விழுந்த தூரத்தை மதிப்பிடுகிறோமல்லவா? அதே கணக்குத்தான். கடினமான பாறையில் அலை நொடிக்குச் சுமார் 6,000 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். ஒரு கருவியை அடைந்த அலை, மற்றொரு கருவியை நூறில் ஒரு நொடி தாமதமாக அடைந்தால், விரிசல் பிறந்த இடம் முதல் கருவியைவிட இரண்டாவது கருவிக்கு 60 மீட்டர் தொலைவானது என்று பொருள். இவ்வாறு பல கருவிகளின் நேரங்களை ஒப்பிட்டால், எவரும் சென்று பார்க்க முடியாத பாறையின் நடுவில் விரிசல் பிறந்த இடத்தைக் குறிக்கலாம். எப்பகுதியில் சிறு ஓசைகள் பெருகுகின்றனவோ அப்பகுதியில் ஆபத்து மிகுதி. அங்கு ஆட்களை அனுப்பாமல் நிறுத்தலாம், முட்டுகளைப் பலப்படுத்தலாம்.

இனி நாம் முன்பு நினைவில் வைத்த வேறுபாட்டுக்கு வருவோம். எல்லாப் பாறையும் மூங்கிலைப்போல முன்கூட்டியே முறையிடுவதில்லை. சிறு ஓசைகள் பல பிறந்தும் பெரிய வெடிப்பு நிகழாமல் போவதுண்டு. சாக்குக்கட்டியைப்போல, எச்சரிக்கை மிகக் குறைவாகவே தந்து வெடிப்பதும் உண்டு. ஜப்பானிய அறிஞர் மோகி 1960-களில் ஆய்வுக்கூடத்தில் பாறைகளை நசுக்கிப் பார்த்தபோது, சிறிய ஓசைகள் பலவாகவும் பெரியவை சிலவாகவும் பிறப்பதைக் கண்டார். நிலநடுக்கங்களிலும் இதே விதி காணப்படுகிறது. ஆனால் பலவற்றுள் எது பெரியதாக வளரும், எந்த நாளில், எந்த மணியில் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை வழி இல்லை. எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் பாறை சொல்கிறது. எப்போது என்பதை மட்டும் சொல்வதில்லை. இதனை மறைத்து, கருவி இருப்பதால் ஆபத்தே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. ஆனால் எங்கே என்று அறிந்ததே பல தொழிலாளரை ஆபத்தான இடத்திலிருந்து விலக்கி வைக்க உதவும் என்பதை எண்ணும்போது, இவ்வறிவின் மதிப்பு விளங்கும்.

நம்மைச் சுற்றி

இக்கலை இன்று சுரங்கத்தோடு நின்றுவிடவில்லை. ராக்கெட்டின் எரிபொருள் கூடுகளையும் உயர் அழுத்தக் கலங்களையும் சோதிக்கும்போது, அவற்றின்மேல் இக்கருவிகளை ஒட்டி ஓசை கேட்கின்றனர். நம் சென்னைக்கு அருகில் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்களின் ஒலி உமிழ்வைப் பற்றியும், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் கான்கிரீட்டின் ஒலி உமிழ்வைப் பற்றியும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன.

நம் மந்தைவெளியில் பழைய வீடுகள் பல உண்டு. நிலத்தடியில் மெட்ரோ ரயில் பாதையும் அமைக்கப்படுவதால், 'எங்கள் வீட்டுச் சுவரில் கீறல் தெரிகிறதே' என்று கவலைப்படும் பெற்றோர் இருக்கக்கூடும். சுவரில் உள்ள கீறல் எல்லாமே ஆபத்தானதன்று. பூச்சு காயும்போது உண்டான மயிரிழைக் கீறல் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, கீறல் இருக்கிறதா என்பதன்று. அது வளர்கிறதா என்பதே. இதற்குப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. கீறலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றின் இரு முனைகளையும் சுவரோடு அசையாதபடி ஒட்டி, அதன் அருகே நாளைக் குறித்துவைப்பர். சில மாதங்கள் கழிந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் நல்லது. கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். உடனே தகுதியுள்ள பொறியாளரை அழைக்க வேண்டும். நொறுங்கும் தன்மை என்று நாம் குறை கூறும் கண்ணாடியின் குணமே இங்கு வீட்டைக் காக்கும் காவலாகிறது!

கட்டடமும் பாலமும் பாறையும் ஒரே நாளில் உடைந்துவிடுவதாகவே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் பல வேளைகளில் அவை நெடுநாள் முன்பே சிறுசிறு குரலில் சொல்லிக்கொண்டு இருக்கின்றன. பொருள்களின் அந்த மெல்லிய குரலைக் கேட்டு, உரிய நேரத்தில் பிறரைக் காக்கும் பொறியாளர்களாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் நம் பள்ளியிலிருந்தும் சிலர் உருவாக வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதற்கு முதற்படியாக, இன்று மாலையே ஒரு மூங்கில் குச்சியையும் மரப் பெஞ்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.